பச்சையடித்த முதலை எஞ்சின்

இது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் இத்தனை வருஷம் மிஷின் கிரீஸிலேயே கிடந்திருக்க மாட்டேன். சொன்னால் சிரிக்கிறான்கள். என் மச்சான் பாலாஜி, “வலி மாத்திரை போட்டுக்கினு தூங்கியிருப்ப மாமா” என்கிறான். மாத்திரை போட்டுத் தூங்குகிறவன் கடிகாரத்தைப் பார்த்து மணி குறித்து வைப்பானா? என் பழைய டைரியில் எல்லாம் இருக்கிறது. சிரிக்கிறவன் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று எவன் சொன்னான்? நான் பார்த்தது உச்சி வெயிலில். சரியாக மதியம் பன்னிரண்டு பத்துக்கு.

1991, ஜூன் மாதம். சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு. நானும் என் மனைவி மோகனப்ரியாவும் மட்டும். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு ஃபிட்டர் வேலை. காலில் இரும்புக் கட்டை விழுந்து, மாவுக்கட்டு போட்டு, மூன்று வாரம் மெடிக்கல் லீவில் இருந்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஐரோப்பாக்காரன் செய்த சின்ன ரயில்கள். ஜெர்மனி, சுவிஸ், ஆஸ்திரியா எஞ்சின்கள், அசலை அப்படியே சுருக்கி உள்ளங்கையில் வைத்தது மாதிரி இருக்கும். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பர்மா பஜாரில் தேடுவேன், கப்பல்காரர்களிடம் கெஞ்சுவேன். வாங்குவது பாதி வேலைதான். சக்கரம் கடைந்து மாட்டுவது, விளக்கு வைப்பது, புதுசாகப் பெயிண்ட் அடிப்பது... கம்பெனிக்காரன் செய்ததைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று ஒரு திமிர். கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அதில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தண்டவாளம். எஞ்சின் ஓடாவிட்டால் அதைத் திட்டிக் கத்துவேன். மோகனப்ரியாவுக்கு அது பழகிப்போன சத்தம்.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரே கூட்டாளி முனிரத்தினம். பதினோரு வருஷப் பழக்கம். செம்பரம்பாக்கம் பக்கம் வீடு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேலை. இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகும் வழியில் பன்னிரண்டு பத்துக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவான். ஒன்றேகாலுக்குக் கிளம்புவான். அவன் எனக்கு நேர் எதிர். துடைப்பான், எண்ணெய் விடுவான், அதற்கு மேல் எதையும் தொட மாட்டான்.

அவனிடம் ஒரு சுவிஸ் எஞ்சின் இருந்தது. முன்னும் பின்னும் நீள மூக்கு வைத்தது. அதற்கு முதலை என்றே பெயர். காப்பிக்கொட்டை நிறம். அவன் கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த சுவிஸ்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. மூலையெல்லாம் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரியும். அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பான்.

மோட்டார் உதறுகிறது என்று என்னிடம் கொடுத்தான்.

“மோட்டார மட்டும் பாருப்பா. மேல கைய வெக்காத. எப்டி குடுக்கறனோ அப்டியே குடு.”

சரி என்றுதான் சொன்னேன். மோட்டார் இரண்டே நாளில் சரியானது. ஆனால் என் கை சும்மா இருக்குமா? வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் பச்சை நிற முதலையின் படம் பார்த்திருந்தேன். கார்களுக்கு அடிக்கிற டியூகோ பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. மூன்று கோட் அடித்தேன். தகதகவென்று இருந்தது. பார்த்தால் அசந்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஜூன் பத்து, திங்கட்கிழமை, பன்னிரண்டு பத்துக்கு வந்தான். பார்த்தான். முகம் செத்துவிட்டது.

“இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?”

“நல்லா கீதா?”

“உன்ன எவன்டா கேட்டான்?”

வார்த்தை வளர்ந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தப்புதான் என்று ஒரு வார்த்தை. பதினோரு வருஷ சிநேகம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. எனக்கு வாய் வரவில்லை. அடித்துப் பிடித்து வேலை செய்து கொடுத்தவன் நான், நான் எதற்குத் தாழ வேண்டும்?

“நன்றி கெட்டவன்டா நீ. எடுத்துக்கினு போ” என்றேன்.

எஞ்சினை மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று திரும்பினான். “எனக்கு அது எப்டி இருந்துதோ அப்டி வோணும்” என்றான். ஒன்று இருபதுக்கு வண்டிச் சத்தம் தேய்ந்து போனது.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். ஆனாலும் பன்னிரண்டு மணியிலிருந்து காது ரோட்டிலேயே இருந்தது.

புதன்கிழமை. கட்டையை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மணி பன்னிரண்டு பத்து. உள்ளே சத்தம் கேட்டது.

க்ரிச்... க்ரிச்... க்ரிச்...

முனிரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எனக்கு முதுகு. திங்கட்கிழமை போட்டிருந்த அதே நீலச் சட்டை. என் பாதி பிளேடை எடுத்து, பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் பை ஆணியில் தொங்கியது. அதன் காதில் நீலத் துணிக் கிழிசல் ஒன்று முடிச்சாக ஆடியது.

உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? வந்துவிட்டானே. ஆனால் கேட்காமல் நுழைந்து, என் பிளேடை எடுத்து, என் மேஜையிலேயே என் வேலையை அழிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வண்டி சத்தமே கேக்கல. நடந்தா வந்த?”

சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“வாயில இன்னா கொழுக்கட்டையா?”

க்ரிச்... க்ரிச்...

ஒன்றேகால் வரை உட்கார்ந்திருந்தேன். மோகனப்ரியா கூப்பிட்டாள் என்று வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினேன். ஸ்டூல் காலி. எஞ்சினும் இல்லை, பையும் இல்லை. கொல்லைப் பக்கமாகப் போய்விட்டான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமையும் அதே நேரம். அதே சட்டை. அதே சத்தம். ஆஸ்பெஸ்டாஸ் அடியில் எனக்கு வேர்வை ஊற்றுகிறது. அவன் சட்டை முதுகில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மோகனப்ரியா மோர் கொண்டு வந்து ஷெட் வாசலில் வைத்தாள். ஒரு டம்ளர்தான்.

“வந்தவனுக்கு இல்லியா?” என்றேன், அவள் போன பிறகு. அவள் அடுப்படியிலிருந்து, “எஞ்சினுக்கு வேற மோர் வோணுமா?” என்றாள். அவளுக்கும் அவன்மேல் கோபம் போல என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டூல் இருந்த இடம் வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது, பீரோ மறைக்கும்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு பத்து. அன்றைக்கு அவன் பக்கமாகப் போய் நின்றேன். எஞ்சினில் முக்கால்வாசி பச்சை போயிருந்தது. அடியில் பழைய நிறம், ஒரு கீறல் இல்லாமல். பிளேடால் அப்படிச் சுரண்டவே முடியாது. எனக்குத் தெரியும், இது என் தொழில்.

சக்கரத்துப் பல்லிலெல்லாம் செம்மண்.

“மண்ணுல போட்டியாடா? மோட்டார் இன்னாத்துக்கு ஆவும்?”

அவன் இடது காதைப் பார்த்தேன். காது நிறைய மண். அதே செம்மண்.

“குளிச்சிட்டாவது வர மாட்டியா?” என்று கத்தினேன். கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு மறைத்தது.

சனிக்கிழமை. ஜூன் பதினைந்து.

பன்னிரண்டு ஐந்துக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஷெட்டுக் கதவை நானே உள்ளிருந்து தாழ் போட்டேன். இன்றைக்கு எப்படி வருகிறான் பார்க்கிறேன் என்று வீம்பு. முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து.

க்ரிச்...

ஸ்டூலில் இருந்தான்.

தாழைப் பார்த்தேன். போட்டது போட்டபடி.

கால் மரத்துவிட்டது. மாவுக்கட்டு இல்லாத கால்.

அவன் கடைசிப் பொட்டுப் பச்சையையும் எடுத்தான். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தான்.

கரண்ட் இல்லை. தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் வயர்கூட மாட்டவில்லை.

ம்ம்ம்ம்ம்...

எஞ்சின் முனகியது. விளக்கு எரிந்தது.

நகர்ந்தது. மெதுவாக. டக்... டக்... டக்... பல்லிலிருந்து மண் உதிர்ந்தது.

ஒரு சுற்று வந்தது. என் கைக்கு நேரே நின்றது.

“எப்டி இருந்துதோ அப்டியே கீது” என்றான். குரல் வாயிலிருந்து வரவில்லை. எங்கோ கீழேயிருந்து வந்தது.

“தப்புதான்பா” என்றேன். அப்போது வந்தது அந்த வார்த்தை. அந்தப் பாழாய்ப்போன வார்த்தை.

அவன் தலை திரும்ப ஆரம்பித்தது...

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஸ்டூல் காலி. தாழ் போட்டபடி இருந்தது. ஆணியில் பை. தண்டவாளத்தில் முதலை, காப்பிக்கொட்டை நிறத்தில்.

மறுநாள் ஞாயிறு காலை, என்னோடு வேலை செய்யும் கோபால் ஸ்கூட்டரில் வந்தான். உட்காராமலே சொன்னான்.

“உன் சேக்காளி முனிரத்தினம் பூட்டாம்பா. திங்கக்கெழம. ஒரகடம் கூட்ரோட்டாண்ட லாரி அடிச்சிக்கீது. ஸ்பாட்லயே. எனக்கே நேத்துதான் தெரியும்.”

திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒன்று நாற்பது என்றான். என் வீட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிஷம்.

எஞ்சினை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கோபால் பின்னால் ஏறினேன். மாவுக்கட்டோடு. முனிரத்தினத்தின் வீட்டில் அவன் மனைவி கங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உன்னாண்ட சண்ட போட்டுக்கினுதான் போனாராமே. டீக்கடைல சொல்லிக்கினு போயிருக்காரு. இப்ப இன்னாத்துக்கு வந்த?”

பையை அவள் முன்னால் வைத்தேன்.

“அவர் எஞ்சின்மா. அவர்தான் வந்து வெச்சிட்டுப் போனாரு. புதன்கிழமையிலேர்ந்து தினம் வந்தாரு.”

அவள் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். திட்டிக்கொண்டே பையைப் பார்த்தாள். திட்டு பாதியில் நின்றது. பையின் காதில் இருந்த நீலத் துணி முடிச்சை விரலால் தொட்டாள். பிறகு தான் கட்டியிருந்த பழைய நீலப் புடவையின் கிழிந்த ஓரத்தை இழுத்து, அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கிழிசலும் பொருந்தின.

“நான் கட்ன முடிச்சு இது” என்றாள். “ஆசப்பட்ட பொருள கூடவே வெச்சி அனுப்பறது எங்க வழக்கம். லாரி அடிச்சும் இந்தப் பைக்கு ஒண்ணும் ஆவல. உள்ள பச்ச எஞ்சின், பெயிண்டு நாத்தம் கூடப் போவல. இந்த சனியனாலதான் போனாருன்னு எனக்கு ஆத்திரம். நானே இறுக்கக் கட்டி, அவர் நெஞ்சு மேல வெச்சேன்.”

“எப்போ?” என்றேன்.

“செவ்வாக்கெழம சாயங்காலம். அஞ்சு மணிக்கு. ஆறடிக் குழி. நான் பாத்துக்கினு இருக்கச் சொல்லத்தான் மண்ணத் தள்னாங்க.”