நான் சொன்ன மடைக் கதை

ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு அது எதற்கென்று தமிழில் விளக்குவது என் வேலை. துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் கிளினிக்கில் எனக்கொரு சிறிய மேசை. வைத்தியர் தரும் ஆங்கிலத் தாளை மொழிபெயர்த்து, திருத்தி, மறுபடி திருத்தித்தான் ஒருவர் முன்னால் வைப்பேன். விளங்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது.

மாரியில் ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். வயல் சேற்றில் வாழும் பற்றீரியா கால்வெடிப்பு வழியாகப் புகுந்து, தொடையில் சீழ் கட்டி, சாகக் கிடந்து தப்பியவர். ஊசி மருந்து முடிந்திருந்தது. மிச்சக் கிருமியைக் கொல்ல இன்னும் பல மாதம் குளிசை விழுங்கவேண்டும்.

“என்ட இரத்தத்தில என்னத்தைத் தேடப் போறியள்?” என்று கேட்டார்.

‘ஆர்.என்.ஏ. மீதான இரசாயன மாற்றங்கள் நோயெதிர்ப்புக் கலங்களின் அழற்சியைக் கட்டுப்படுத்தும் விதம்’ என்று தாளில் இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“அண்ணை, வயலுக்குத் தண்ணி வேணுமெண்டா என்ன செய்வியள்?”

“மடையைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புவம்.”

“கிருமி வந்தா உங்கட இரத்தத்தில இருக்கிற வெள்ளைக் கலத்துக்குள்ளயும் அப்பிடித்தான் ஆள் அனுப்புறது. அந்த ஆள்தான் ஆர்.என்.ஏ. மடை திறந்தா காய்ச்சல், வீக்கம் எல்லாம் வரும். சண்டைக்கு அது வேணும்.”

“திறந்தபடி கிடந்தா வரம்பு உடைஞ்சிரும்.”

“அதாலதான் சில ஆக்களில ஒரு சின்ன அடையாளம் விழும். அடையாளம் விழுந்த ஆளைக் கலம் கெதியா இல்லாமப் பண்ணிரும். பிறகு மடையைத் திற எண்டு சொல்ல ஆள் இல்லை. அந்த அடையாளத்தைத்தான் பாக்கப் போறம்.”

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியா? டொக்டர்மார் இப்பதான் மடை பூட்டப் பழகுகினமாம்.”

“நீங்கள் பூட்டின லட்சணம் தெரியும். பக்கத்து வயல் மூழ்கினது மறந்து போச்சோ?” என்றார் மனைவி.

கையெழுத்து வைத்தபின் தாதி வந்து, முன்பு எடுத்த இரத்தச் சோதனையில் அழற்சியின், அதாவது வீக்கத்தின், அளவு இறங்கிவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். அதையும் நானே தமிழில் சொன்னேன்.

“அப்ப மடை பூட்டியாச்சு,” என்றார் விவசாயி.

“ஓம்,” என்று தலையாட்டினேன்.

மடை பூட்டினாலும் கிருமி உள்ளே கிடக்கலாம் என்று அடுத்த வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். குளிசையைப் பற்றி வைத்தியர் முன்பே சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். உண்மையில், என் கதை அவ்வளவு அழகாக முடிந்ததில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

தை பிறந்தபின் அவர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி என்னைக் கண்டதும் எழும்பினார்.

“குளிசையை விட்டிட்டார் தங்கச்சி. வயித்தைப் பிரட்டுதாம். மடை பூட்டியாச்சு, பிறகென்னத்துக்குக் குளிசை எண்டார். நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். குளிசையை நிறுத்தச் சொல்லி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சரிதான், ஆனால் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஏலவில்லை. இப்படிப் பலர் நிறுத்துவார்கள், அது உங்கள் பிழை இல்லை என்றார் வைத்தியர். அவருக்கு அந்த “ஓம்” தெரியாது.

மருந்து மறுபடி ஏறி, விவசாயிக்குப் பேச முடிந்த அன்று மன்னிப்புக் கேட்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்து, அதே நோயோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த முஸ்லிம் பெரியவரான மூதூர்க்காரருக்கு மடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகச் சொன்னார். மூதூர்க்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அந்தக் கதையை விடுங்கோ. நான் பாதிதான் சொன்னனான்.”

“நல்ல கதையெல்லோ?”

“அதை நம்பித்தான் இஞ்ச திரும்ப வந்து கிடக்கிறியள். பிழை என்னில.”

மூதூர்க்காரர்தான் கேட்டார்: “அப்ப மடை பூட்டினா கிருமி சாகாதோ?”

“சாகாது நாநா. வீக்கம் வத்தினாலும் கிருமி பதுங்கிக் கிடக்கும். குளிசைதான் அதைக் கொல்லும். வயித்தைப் பிரட்டினா டொக்டரிட்டச் சொல்லுங்கோ, நீங்களா நிப்பாட்டாதீங்கோ.”

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடை இல்லாமல், முதலிலிருந்து இருவருக்கும் சொன்னேன். கலம், ஆர்.என்.ஏ., அடையாளம் என்று வந்த இடத்தில் மூதூர்க்காரர் கொட்டாவி விட்டார். குளிசைக்கு வந்ததும் எந்த நேரம், சாப்பிட முன்னமோ பின்னமோ என்று கேட்டார்.

“முந்தினது நல்லா இருந்தது,” என்று சொல்லிவிட்டு விவசாயி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.