வேலியோரத்துக் கீரையும் பொலிஸ் பதிவும்

எங்கள் வீட்டில் காலைத் தேநீரோடு வாசிக்கப்படுவது பொலிஸ் பதிவு. நோர்வேயில் பொலிஸார் எங்கே போனார்கள், என்ன கண்டார்கள் என்பதை இரண்டு மூன்று வரிகளில் இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பெயர் இருக்காது. இடம், நேரம், நடந்த சங்கதி, அவ்வளவுதான். யாரும் பார்க்கலாம். என் கணவர் அன்ரன் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அதற்கு முன் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் ஆலையில் ஒன்பது வருடம் நின்றவர். மீனின் ஒவ்வொரு பாகத்துக்கும் நோர்வேஜியப் பெயர் தெரியும், மற்ற மொழியெல்லாம் பொலிஸ் பதிவில் படித்தது என்பார். "பெருந்தெருவில் செம்மறியாடு. உரிமையாளருக்கு அறிவிக்கப்பட்டது." "கூரையில் ஒருவர் நிற்பதாகத் தகவல். கூரை திருத்துபவர்." இப்படி வாசித்துவிட்டுத் தானே சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு சுலபத்தில் வருவதில்லை. பொலிஸ் தான் செய்ததைத் தானே ஊருக்குச் சொல்லுமா என்ற ஆச்சரியம், இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடங்களாகியும் எனக்குத் தீரவில்லை.

போன வருடம் மே மாதம் நான் ஒரு வேலைக்காகக் காத்திருந்தேன். நெடுங்காலம் அலுவலகங்களைத் துப்புரவு செய்த பிறகு, ஐம்பத்தோராவது வயதில் பிள்ளை பராமரிப்புப் படிப்பை முடித்துச் சோதனையும் பாஸ் பண்ணியிருந்தேன். ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பார்னஹாகே, அதாவது பாலர் பாடசாலை, என்னை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஓகஸ்டில் தொடக்கம். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் பொலிஸிடமிருந்து நற்சான்று எடுத்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில்தான் இங்கே ஒரு கீரை தளிர்க்கும். நோர்வேக்காரருக்கு அது தோட்டத்தைக் கெடுக்கும் களை. வேரோடு பிடுங்கி எறிவார்கள். எனக்கோ அது இளசாய்க் கிடைத்தால், சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூப் போட்டுக் கிளறிய வறை. எங்கள் பகுதி இருக்கும் பள்ளத்தாக்கின் மறுகரையில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு இராணுவ முகாம் இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே, நடைபாதையோரம், அந்தக் கீரை பாய் விரித்ததுபோலக் கிடக்கும். ஒரு சனிக்கிழமை காலை பையோடு போய்க் குனிந்து பறித்துக்கொண்டிருந்தேன். பை பாதி நிறைந்தபோது பின்னால் கார் வந்து நின்றது. பொலிஸ்.

இறங்கியவர்கள் இரண்டு பேர். மஞ்சள் பின்னல் போட்ட இளம் பெண் ஒருத்தி, அவளோடு நடுத்தர வயது ஆண் ஒருவர். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். அந்தக் கீரைக்கு நோர்வேஜிய மொழியில் ஸ்க்வாலர்கோல் என்று பெயர். ஸ்க்வாலர் என்றால் ஊர்வம்பு. கோல் என்றால் கோவா, அதாவது முட்டைக்கோஸ். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கீரை. எனக்கிருந்த பதற்றத்தில் பின்பாதியை விட்டுவிட்டேன். "நான் வம்பு சேர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். இராணுவ முகாமின் வேலியைப் பிடித்துக்கொண்டு, பொலிஸிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள்.

"யாரைப் பற்றி?"

பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் தகப்பன் இதை ஒழிக்கப் பத்து வருடமாகப் போராடுகிறார் என்றாள். எப்படிச் சமைப்பது என்றும் கேட்டாள். சொன்னேன். ஆனால் அந்த ஆண் சிரித்தபடியே என் பெயரையும் அடையாள இலக்கத்தையும் ஒரு சின்னத் திரையில் பதிந்தார். யாரோ தொலைபேசியில் அறிவித்தபடியால் வர வேண்டியதாயிற்று, வேறொன்றுமில்லை என்றார்கள். போய்விட்டார்கள். நான் பாதிப் பையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் காலை அன்ரன் தேநீரை வைத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்சேரும், இது நீரெல்லோ?"

இருந்தது இவ்வளவுதான். "கிழக்கு ஒஸ்லோ. இராணுவப் பகுதியின் வேலியருகே ஒருவர் பையுடன் குனிந்து நிற்பதாகத் தகவல். ரோந்து சென்றது. ஐம்பது வயதுகளில் ஒரு பெண், கீரை பறித்துக்கொண்டிருந்தார். குற்றம் எதுவுமில்லை." அன்ரன் அதை எங்கள் மகள் மெரினாவுக்கு அனுப்பினார். இங்கேயே பிறந்து, இப்போது பியோர்ண்டாலில் குடியிருந்து சட்டம் படிக்கிறவள். அவள் உடனே அழைத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்தக் காலையில் அது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, மன்னாரில், என் அண்ணன் இராணுவ முகாமுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினான். சங்கிலி கழன்றுவிட்டது. குனிந்து மாட்டிக்கொண்டிருந்தவனைப் பிடித்துப்போனார்கள். சைக்கிள் மட்டும் வேலியில் சாய்ந்து நின்றது. அம்மாவும் நானும் முகாம் வாசலுக்குப் போனோம். பொலிஸில் கேளுங்கள் என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒரு பெரிய புத்தகத்தை விரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு வந்தார். அந்த விரலோடு சேர்ந்து என் கண்ணும் போனது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "நாங்க ஒருத்தரையும் கைது செய்யவில்லை" என்றார். அம்மா அசையவில்லை. "அப்ப அதை எழுதித் தாங்கோ" என்றா. எழுதித் தரவில்லை. அடுத்த கிழமையும் போனோம், அதற்கடுத்த கிழமையும். நான்கு மாதத்தின் பின் அண்ணன் ஒரு மத்தியானம் தானாக நடந்து வந்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. பிறகு அவன் பாரிஸுக்குப் போய் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, கைதானதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆதாரம் எங்கே இருந்தது? அதற்கே ஏழு வருடம் இழுபட்டான்.

எனவே நற்சான்று இரண்டு கிழமையாகியும் வராதபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெயரைப் பதிந்துவிட்டார்கள், வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். பார்னஹாகே நிர்வாகியும் சான்று எப்போது வரும் என்று கேட்டு எழுதியிருந்தார். மெரினா வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, அவை உங்களை அரெஸ்ட் பண்ணேல்லை. உங்களைப் பற்றி என்ன எழுதி வச்சிருக்கினம் எண்டு பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நேரா போய்க் கேளுங்கோ."

தான் வருவதாகச் சொன்னாள். வேண்டாமென்று நான் தனியே போனேன். ஏனென்று இப்போது கேட்டாலும் தெரியாது. பொலிஸ் நிலையம் வங்கி மாதிரி இருந்தது. இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தாடியோடு ஒருவர். வேலிச் சம்பவத்தைச் சொல்லி, என் கைது எந்தப் பதிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் திரையில் தேடினார். நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் நிமிர்ந்து, மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நாங்கள் உங்களைக் கைது செய்யவில்லை."

அந்த வசனத்தை அதற்கு முன் வேறொரு மொழியில், வேறொரு மேசைக்கு முன்னால் கேட்டவள் நான். "அப்படியென்றால் எழுதித் தாருங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று தெரிந்தது. கண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதர் பயந்துபோனார். நடக்காத ஒன்றுக்குக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை, ஆனால் நடந்ததை எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஒரு கோப்பைத் தண்ணீரையும் ஒரு படிவத்தையும் சேர்த்தே நீட்டினார். கையெழுத்துப் போடும்போது, யாராவது என்னைத் துன்புறுத்தினார்களா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். இல்லை, அவர்கள் நல்ல பிள்ளைகள், கீரைக்குப் பக்குவம் கேட்டார்கள் என்றேன். அவருக்கு எதுவும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

மூன்று கிழமைக்குள் தபாலில் கடிதம் வந்தது. மேலே முத்திரை, நாள், நேரம், என் முழுப்பெயர். கீழே நான்கு வரி. சந்தேகத்துக்குரிய நபர் பற்றி அறிவிப்பு. ரோந்து சென்று கதைத்தது. சம்பந்தப்பட்ட பெண் அன்பாகப் பழகினார், ஸ்க்வாலர்கோல் பறித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில், "சமையற்குறிப்பு பெறப்பட்டது" என்று எழுதியிருந்தது. மஞ்சள் பின்னல்காரியின் வேலையாகத்தான் இருக்கும். அன்று நான் சிரித்தேன். அன்ரன் சிரித்ததைவிட அதிகமாகவே சிரித்தேன். நற்சான்றும் அதே கிழமை வந்தது. தாமதத்துக்குக் காரணம் வேலியல்ல. வேலைத்தலத்தின் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைக்க நான் மறந்திருந்தேன், நிர்வாகிதான் அதைப் பிறகு அனுப்பியிருந்தார்.

கடிதத்தைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னேன். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். தப்புச் செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"எங்கட குடும்பத்தில பொலிஸின்ரை எழுத்தோட ஒரு ஆதாரம் உனக்குத்தான் கிடைச்சிருக்கு" என்றான். "அதுவும் பிடிபடாமலே. ஒரு கொப்பி அனுப்பு. நான் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டப்போறன்."

பகிடியென்று நினைத்தேன். உண்மையாகவே மாட்டிவிட்டான். அண்ணி படமெடுத்து அனுப்பியிருந்தா. வருகிறவர்களெல்லாம் அது என்ன பட்டம் என்று கேட்கிறார்களாம்.

ஓகஸ்டில் வேலை தொடங்கியது. செப்டெம்பரில் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பொலிஸ் கார் ஒன்று பார்னஹாகே முற்றத்துக்கு வந்தது. மழை விட்டிருந்த நேரம். பிள்ளைகள் ரப்பர் சப்பாத்தோடு வரிசையாக ஏறி இறங்கினார்கள். என் பிரிவில் இருக்கும் செல்மா என்ற நான்கு வயதுக்காரி தனியே ஏறமாட்டேன், நீயும் வா என்று என் விரலைப் பிடித்து இழுத்தாள். பொலிஸ்காரரும் தாராளமாக ஏறுங்கள் என்றார். பின் இருக்கையில், அவளுக்குப் பக்கத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொலிஸ் காருக்குள் இருந்தேன். இருக்கை மெத்தென்றிருந்தது. செல்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, கதவைச் சாத்து, போகலாம் என்றாள். ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினேன். அவளுக்கு அது விளங்கியது. கதவின் கைபிடியில் கை வைத்தேன். ஆனால் என் வலது கால் இன்னும் வெளியே, ஈரச் சரளைக்கல்லில், அழுத்தி ஊன்றியபடியே இருந்தது. அவள் எட்டிப் பார்த்து, உன் கால் இன்னும் வரவில்லையே என்றாள்.