சித்தியின் சட்டியில் வளர்ந்த களை

எங்கள் சித்தியிடம் கடலைக் கொடுத்தால், சாயங்காலத்துக்குள் உப்பை ஒரு டப்பாவிலும் தண்ணீரை ஒரு குடத்திலும் எடுத்து வைத்துவிடுவாள். மீன்களைத் துடைத்து ஓரமாக அடுக்கியிருப்பாள். உலகத்தில் இதுவரை பிறந்த வடிகட்டிகள் எல்லாம் அவளுக்குக் கால் தூசி.

உண்மையில் அவளிடம் இருப்பது குழாய் வைத்த ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாய். அதில் கூழாங்கல், மணல், நடுவே மக்காச்சோளக் கட்டைக் கரி. மணி உதிர்த்த கட்டைகளை மூடிய தகர டின்னில் காற்றுப் புகாமல் கருக்கி, நொறுக்கி, கழுவி நிரப்புவாள். சோளக்காட்டில் அடிக்கிற களைக்கொல்லி எங்கள் கிணற்றில் இறங்குகிறது. அதே காட்டுக் கட்டைதான் கரியானதும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கரிக்கும் வயிறு உண்டாம், நிறைந்தால் மாற்ற வேண்டுமாம். எப்போது நிறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சித்தப்பா அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுத்தான் செத்தார். மருந்தாலா என்று சித்தி கேட்டதற்கு, "அதை உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு சித்தி ஒரு களைச்செடியைப் பிடுங்கி வந்து சட்டியில் நட்டாள். வடிகட்டிய தண்ணீர் முதலில் அதற்கு. செடி பச்சையாக இருந்தால் நாங்கள் குடிப்போம். புருஷன் ஆயுசெல்லாம் கொன்றதை இவள் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

"என்னைக்கூட இப்படிக் கவனிச்சதில்ல" என்றேன்.

"நீ எங்க வாடற? உன்னை வெச்சு எதைக் கண்டுபிடிக்கிறது?"

சித்தியின் மகள், என் அக்கா, பிள்ளை பெற வந்த வாரம் செடி மஞ்சளானது.

சித்தி குழாய் வாயைத் துணியால் கட்டினாள். "புதுக் கரி போடற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. அவ வயித்துல இருக்கறது செடி இல்ல, வாடினா இன்னொண்ணு நடறதுக்கு." தண்ணீர் லாரி நிற்கும் இடத்திலிருந்து குடம் சுமந்தாள். இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கரிப்புகை பட்டால் அந்த இருமல் என்னவாகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போன மதியம், பின்கட்டில் டின்னை அடுப்பில் ஏற்றினேன். புகை கண்ணைப் பிடுங்கியது. ஆனது ஆகட்டும் என்று சீக்கிரமே இறக்கி மூடியைத் திறந்து, பழைய கரியைக் கொட்டிப் புதியதை நிரப்பி, நல்ல பிள்ளையாகப் படுத்துவிட்டேன்.

சித்தி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீப்பாயைத் திறந்தாள். ஒரு கரித்துண்டை எடுத்து உடைத்தாள். வெளியே கறுப்பு, உள்ளே பழுப்பு.

"அரைவேக்காடு. இது ஒண்ணையும் பிடிக்காது. இதை நம்பி உங்க அக்கா குடிச்சிருந்தா?"

அவள் கரியை அள்ளி வெளியே கொட்டினாள். பாதியில் நின்று இருமினாள். மறுபடி கருக்க டின்னைத் தூக்கினாள்.

"யாரு செஞ்சது?"

"பேயா இருக்கும், சித்தி."

ஈரத்துணி ஒன்றை என் மடியில் எறிந்தாள்.

"மூக்குல கட்டிக்கோ. இந்தத் தடவை நான் சொல்ற வரைக்கும் மூடியைத் திறக்காத. பேய்க்குப் புருவம் ஒரு பக்கந்தான் கருகியிருக்கு."