சமாதானம் என்று அடித்த காசு

பழங்காசுக் கடையில் அவசரப்படுகிறவன் உருப்படமாட்டான். ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம், வன்னிக்குள் அகப்பட்ட அக்காவின் அழைப்புக்குக் காத்துக்கொண்டு, புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தேன். அந்நாட்களில் குளியலறைக்கும் கைத்தொலைபேசியோடு போன உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சகோதரர்கள்

ஒஷாவா நகரிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். உரோமைப் பேரரசிலிருந்து பிரித்தானியாவைப் பிரித்தெடுத்துத் தானே முடிசூடிய கடற்படைத் தளபதி ஒருவனின் காசைப் புத்தகத்தில் காட்டினேன். பேரரசை ஆண்ட இருவரின் முகங்களோடு தன் முகத்தையும் சேர்த்து அடித்து, சகோதரர்கள் என்று பொறித்திருந்தான். வானொலி, பத்திரிகை இல்லாத காலத்தில் சந்தைக்குப் போகிறவன் கையிலெல்லாம் செய்தி சேர்க்க அதுதான் வழி. அந்த இருவரும் ஏற்றார்களா என்று கேட்டார். படைதான் அனுப்பினார்கள் என்றேன். அங்கிள் புத்தகத்தை மூடினார்.

"அப்ப, இந்தக் காசை நம்பின சனம் என்ன ஆனது, தம்பி?"

புளி

பழங்காசை மினுக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். அதே தளபதியின் வெண்கலக் காசொன்றை எங்களிடம் வாங்கியவரின் மனைவி, அதைக் குத்துவிளக்குப்போலப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். காசின் பின்புறத்தில் நின்ற சமாதான தேவதைக்கு முகமே தேய்ந்துபோயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் அன்ரி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தங்கச்சியும் பிள்ளையளும் வன்னிக்கு உள்ளுக்கை. போன் வராத நேரம் கைக்கு ஒரு வேலை வேணுமே, தம்பி."

யன்னல்

யுத்தம் முடிந்ததாக அறிவித்த அன்று, சென்னைக்காரரான முதலாளி சேகர் நல்லெண்ணத்தோடு ஒரு சமாதான தேவதைக் காசை யன்னலில் வைத்தார். சண்டைக்கு நடுவே அடித்த காசு அது என்று எரிந்து விழுந்தேன். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து இராணுவம் காவல் நின்ற அகதி முகாமிலிருந்து அக்கா போன் எடுத்தாள். நாங்கள் சுகம், நல்லாய்ப் பார்க்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். அத்தான் எங்கே என்று கேட்டேன். திரும்பவும் அதையே, அதே வரிசையில் சொன்னாள். லைன் அறுந்தது. அக்கா சொன்னதைச் சேகரிடம் அப்படியே சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பக்கத்துல யாராவது நின்னாங்களா?"

ஆயிரத்தெழுநூறு வருடக் காசை அசலா போலியா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். என் சொந்த அக்கா சொன்ன அந்தச் சுகத்தைத்தான் இன்றுவரை எனக்கு மதிப்பிடத் தெரியவில்லை.