ராதாமணி அழித்த நாற்பத்தொரு பேர்

வில்லாபுரத்தில் ராதாமணி மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் இந்திய அரசாங்கம் 2003-ஆம் வருஷத்தோடு கடையைக் கட்டியிருக்கும். அவள் ஒரு பட்டனைத் தட்டினால் சென்னைக் கோட்டையில் நாலு ஃபேன் சுற்றும். இன்னொன்றைத் தட்டினால் டில்லியில் தூங்குகிற ஃபைல் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடும். மந்திரிகள்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தும்முவார்கள்.

இதெல்லாம் குழாயடியில் குடம் நிரம்புகிற நேரத்தில் தங்கை இந்துப்ரியா அவிழ்த்துவிட்ட சரக்கு. வயது பதினேழு. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை விழுந்துவிட்டு, மூன்றாம் முறை எழுந்திருக்க மனமில்லாமல் வீட்டில் இருந்தாள். ட்யூஷன் சென்டர் கதவில் ‘சார் வீட்டில் விசேஷம், இன்று லீவு’ என்று சீட்டு ஒட்டிவிட்டு எதிர்க் கடையில் நின்று வேடிக்கை பார்ப்பது அவள் பொழுதுபோக்கு.

நிஜ ராதாமணிக்கு இருபத்து நாலு வயது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். அப்பா துளசிராம் ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். அவள் ஒன்றரை வருஷம் வேலை பார்த்த பைபாஸ் ரோட்டுக் கம்பெனி ஒரு திங்கட்கிழமை திறக்கவே இல்லை. மூன்று மாதம் வீட்டின் ஓர் இருட்டு மூலையில் யாரோடும் பேசாமல் கிடந்தாள். அப்புறம் பேப்பரில் அறிவிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகாத கம்ப்யூட்டர் ஆட்களுக்கு அரசாங்க ஃபெல்லோஷிப். ஒரு வருஷம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதன் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். ஆறாம் மாதம் அங்குள்ள அதிகாரி நல்ல ரிப்போர்ட் எழுதினால் மீதி ஆறு மாதம். இல்லாவிட்டால் பழையபடி வீடு.

அவளுக்கு மேலூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் முதியோர் பென்ஷன் பட்டியல் கிடைத்தது. வயசுப் பெண் பட்டிதொட்டியெல்லாம் தனியாக அலையக்கூடாது என்று அம்மா துணைக்கு அனுப்பியது இந்துப்ரியாவை.

ஆறாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் எட்டுக் கிழவர்கள் குத்தவைத்திருந்தார்கள். கீழச்சுனைப்பட்டிக்காரர்கள். பென்ஷன் மணியார்டர் இந்த மாதம் வரவில்லை.

துணைத் தாசில்தார் அனந்தநாராயணன் ராதாமணியைக் கூப்பிட்டார்.

“போன மாசம் நாப்பத்தோரு டூப்ளிகேட்டை எடுத்துட்டேன்னு சொன்னேளே. அந்த டூப்ளிகேட்ல எட்டு வாசல்ல உக்காந்திருக்கு. மீதி முப்பத்துமூணுக்கு நடக்க முடியலையாம்.”

பெயரும் அப்பா பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான், மற்றதை அழி என்று ராதாமணிதான் புரோகிராம் எழுதியிருந்தாள். அவள் வீடு சௌராஷ்டிர வீடு. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு குடும்பப் பெயர் உண்டு. தெருவில் பத்து துளசிராம் இருந்தாலும் அது பிரித்துக் காட்டிவிடும். எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். கீழச்சுனைப்பட்டியில் சாமி இரண்டு, ஆண் பெயரும் இரண்டு. அப்பன் கருத்தக்கண்ணன் என்றால் மகன் பேயாண்டி. அவன் மகன் மறுபடியும் கருத்தக்கண்ணன். பெண்ணாகப் பிறந்தால் முத்துத்தாய்.

“அஞ்சு மணிக்கு லிஸ்ட் கருவூலத்துக்குப் போயாகணும்,” என்றார் அனந்தநாராயணன். “விட்டா அடுத்த மாசமும் அவாளுக்குக் கிடையாது. யார் யாருன்னு ஒருத்தர் விடாம பிரிச்சுக் கொண்டாங்கோ, சேத்துடறேன். இல்லேன்னா உங்க ரிப்போர்ட்ல நான் என்னத்தை எழுதறது?”

பதினொன்றே கால் பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஏறினார்கள். வழியெல்லாம் இந்துப்ரியா, அக்காவின் கை மடியில் இருந்த நோட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர்ச் சாவடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ராதாமணி தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள்.

“உங்க பேரு தாத்தா?”

“பேயாண்டி.”

“அப்பா பேரு?”

“கருத்தக்கண்ணன்.”

“அடுத்து நீங்க?”

“பேயாண்டிதேன். அய்யா பேரு கருத்தக்கண்ணன்.”

கதவு நம்பர் கேட்டாள். பாதி வீட்டுக்கு நம்பரே கிடையாது. பிறந்த தேதி கேட்டாள். எல்லோரும் ஒரு பெரிய வெள்ளம் வந்த வருஷத்தில் பிறந்திருந்தார்கள். மணி ஒன்று. பக்கத்தில் ஆறு பேயாண்டிகள் வரிசையாக, ஒரே மாதிரி. ராதாமணியின் பேனா நின்றது.

“இவுகளுக்குள்ள எப்படித்தேன் கூப்புட்டுக்கிருவாக?” என்று இந்துப்ரியா சத்தமாகவே கேட்டாள்.

ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். “அது ஆபீசர் பிள்ளை முன்னால சொல்ற பேரில்ல தாயி.”

“பட்டப்பேரா? அட, இந்த ஆபீசருக்கே நான் ஒண்ணு வச்சிருக்கேன் தாத்தா. ‘பூட்டுன கம்பெனி’. வாயத் தெறக்காதுல்ல, அதான்.”

சாவடி சிரித்தது. ராதாமணி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஆனால் முதல் பேயாண்டி கையை உயர்த்திவிட்டார்.

“என்னைய ‘ரேடியோ’ம்பாய்ங்க.”

“பேசிட்டே இருப்பீகளோ?”

“அம்புட்டும் உண்மையத்தேன் பேசுவேன்.”

“பொய்யி,” என்றார் அடுத்தவர். “நான் ‘மழைக்கோட்டு’. மகன் மிலிட்டரில இருந்து கொண்டாந்தது. சித்திரையிலயும் போடுவேன்.”

அப்புறம் தடுக்க முடியவில்லை. ‘ஒத்தமாடு’ பேயாண்டி, ‘டீசல்’ கருத்தக்கண்ணன், ‘சுக்குத்தண்ணி’ முத்துத்தாய். ஒவ்வொன்றுக்கும் இந்துப்ரியா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதினாள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு வீடு ஓடினாள். ஆபீஸ் வாசலில் குத்தவைத்திருந்த எட்டுப் பேரின் பட்டப்பெயரையும் ரேடியோவே ஒப்பித்துவிட்டார். சைக்கிளில் வந்த தபால்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “நான் வேற எப்படி மணியார்டர் குடுத்தேன்னு நினைக்கிறீங்க? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”

நாற்பத்தொன்று முடிந்தபோது மணி இரண்டரை. ராதாமணி பஸ்ஸை நிறுத்த முன்னால் ஓடினாள். நோட்டோடு பின்னால் ஓடிய இந்துப்ரியாவை ஒரு கிழவி சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

“எம்பேரு சீனியம்மா, வெளியூர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. நான் எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன், ஒண்ணும் வரல. நானும் ஒண்டிக்கட்டைதேன் தாயி.”

பஸ் ஹாரன் அடித்தது. இந்துப்ரியா கிழவியின் வெறும் காலைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். இருபத்தேழாம் வரிக்குக் கீழே சந்து இருந்தது. எழுதிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு அலுவலகம். ராதாமணி தட்டினாள், இந்துப்ரியா வாசித்தாள். ரேடியோ. மழைக்கோட்டு. ஒவ்வொன்றுக்கும் இந்துப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தேழு தாண்டியதும் அவள் விரல் சந்தில் எழுதிய வரியில் வந்து நின்றது. இல்லாத பெயரைச் சேர்த்தது தெரிந்தால் ரிப்போர்ட் போய்விடும். அக்கா மறுபடியும் அந்த இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்வாள். இது தெரியாமல் இல்லை. ஆனாலும் வாசித்தாள்.

“சீனியம்மாள். பட்டப்பேரு ‘வெத்தலை’.”

ராதாமணியின் விரல்கள் நிற்கவில்லை. “ம். அடுத்து.”

நாலு நாற்பதுக்கு பிரிண்டர் கறகறவென்று இழுத்துத் துப்பியது. அனந்தநாராயணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“டீசலா? சர்க்கார் ரெக்கார்டுல டீசல்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

“தபால்காரர் சான்று இருக்கு சார்,” என்றாள் ராதாமணி.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அந்த எட்டுப் பேரும் இன்னும் எழுந்து போகவில்லை. கையெழுத்துப் போட்டார். “ரிப்போர்ட்ல ‘திருப்தி’ன்னு எழுதறேன். ‘மிகவும்’ போட மாட்டேன்.”

பியூன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கருவூலத்துக்கு ஓடினார். ராதாமணி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். மேஜையில் இருந்த இன்னொரு பிரதியை இந்துப்ரியா சும்மா எடுப்பதுபோல் எடுத்தாள். இருபத்தேழு. அடுத்தது இருபத்தெட்டு, ஏதோ முத்துத்தாய். கடைசிவரை விரலை ஓட்டினாள். மொத்தம் நாற்பத்தொன்று.

“என்ன தேடுற?” என்றாள் ராதாமணி, கண்ணைத் திறக்காமலே.

“ஒண்ணுமில்ல. எழுத்து நல்லா விழுந்திருக்கான்னு...”

ராதாமணி இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். புது மனு. சீனியம்மாள், கீழச்சுனைப்பட்டி என்று அக்காவின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

“நாளைக்கு முதல் பஸ்ஸுல போ. கைநாட்டு வாங்கு, ரேஷன் கார்டு நகல் வாங்கு. திங்கக்கிழமை நானே சார்கிட்ட குடுக்குறேன்.”

இந்துப்ரியா தாளை வாங்கிக்கொண்டாள். “நான் வாசிச்சப்பவே தெரிஞ்சிருச்சா?”

“வெத்தலைன்னு அந்தம்மாவுக்குப் பட்டப்பேரே கிடையாது, நீயா வச்சது,” என்றாள் ராதாமணி. “நாப்பத்தொரு பேருக்கும் சிரிச்சடி. அதுக்கு மட்டும் சிரிக்கல.”