எவ்வளவு நேரம் என்று கேட்டவர்

மருத்துவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்து, 'ப்ரீஃப்லி' என்று சொன்ன அந்த நடைக்கூடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரும்பாக்கத்தைத் தாண்டி இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே யார் யாருடைய செருப்புகளோ ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. என் பக்கத்தில் என் சம்பந்தி, வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, மருத்துவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொன்னாரு சம்பந்தி? எவ்ளோ நேரமாம்?"

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் பெயரோடு ஒட்டியிருக்கும் மரியாதை பெரும்பாலும் அந்த மொழியால் வந்தது. அதை நான் சிந்தாமல் வைத்திருக்கிறேன். சம்பந்தி கீழ்க்கட்டளை என்ற ஊரின் பழைய குடும்பத்தவர். அவர் தந்தை நெல் விளைத்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. தெருமுனையில் அவருக்குக் கடைகள் உண்டு. வாடகைக்காரர்களோடு உரக்கப் பேசி, உரக்கச் சிரிப்பார். என் மகன் அவர் மகளை விரும்பி மணந்தான். அந்தச் சத்தமும் என் மௌனமும் ஒரே பந்தலில் எப்படி அடங்கும் என்று இரு வீட்டாரும் கவலைப்பட்டதுண்டு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். சம்பந்தியம்மாளுக்கு நுரையீரல் கெட்டபோது, ஆஸ்பத்திரியில் நின்றவர்கள் நாங்கள் இரண்டு கிழவர்கள்தாம்.

மருத்துவர் தமிழர். ஊசி, மருந்து, சாப்பாடு எல்லாம் தமிழில்தான் பேசுவார். கெட்ட செய்தி சொல்லும் நேரம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்குள் போய்விடுவார். அந்த மொழி அதற்குத் தோதானது. எண்ணைச் சொல்லாமலே காலத்தின் நீளத்தைச் சொல்ல அதில் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. 'ஷார்ட்லி' என்றால் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. 'ப்ரீஃப்லி' என்றால் வந்தது நெடுநேரம் தங்காது. 'டெம்பரரி' என்றால் முடிவு உண்டு, நாள் குறிக்கவில்லை. 'ப்ரொலாங்டு' என்பதில் எதையோ பிடித்து இழுக்கும் கை ஒன்று தெரியும். வாழ்நாள் முழுதும் இவற்றின் நுட்பங்களை வகுப்பறைகளில் விளக்கியவன் நான். அந்த நடைக்கூடத்தில் நின்றபோது ஒன்று விளங்கியது. இந்தச் சொற்களில் எதைப் பிடித்துக்கொண்டும் ஒரு மனிதர் தம் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

ஏனென்றால் சம்பந்திக்கு வேண்டியிருந்தது அதுதான். அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே உயிர்விட்டவரின் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். விபத்தில் போன மைத்துனரை அப்படிக் கிடத்தியதைச் சம்பந்தியம்மாள் பார்த்திருக்கிறார். வீடு கட்டியபோது நின்று செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர். மூச்சுத் திணறிய நிலையில் கணவர் கையைப் பிடித்து அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "என்ன வாசல்ல போட்டுடாதய்யா."

செயற்கை மூச்சு இயந்திரத்தை எடுத்துவிட்டால் தாமாக மூச்சுவிடுவார், ஆனால் 'ப்ரீஃப்லி'. மருத்துவர் சொன்னது இவ்வளவே. நான் தமிழில் சொன்னேன்: "இயந்திரம் இல்லாமல் கொஞ்ச நேரம்தான் தாங்குவார்கள் என்கிறார்."

"கொஞ்ச நேரம்னா? வூட்டுக்குப் போய்ச் சேர்ற அளவுக்கா?"

"அது அந்தச் சொல்லில் இல்லை, சம்பந்தி."

"இன்னா சம்பந்தி, இவ்ளோ படிச்ச பாஷையில இது இல்லையா?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி போயிருந்தது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிக்குச் சொல்லுங்க. இட்டுகினு போயிடறேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் மேடவாக்கம் சந்திப்பில் சிக்கி நின்றபோது அவர் டிரைவரை வைத வசவுகளை நான் எழுதுவதற்கில்லை. சம்பந்தியம்மாளின் நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. ஒருவழியாக வீட்டு நிலைப்படியைத் தூக்குப்படுக்கை தாண்டியது. கூடத்தில் கட்டிலில் கிடத்தியதும் அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்து, "இத்த யாரும் தொடைக்கலையா?" என்றார். கூடியிருந்த பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அன்று போய்விடுவார் என்று நின்றவர்கள் மறுநாளும் வந்தார்கள். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு போனில் விசாரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. சம்பந்தியம்மாள் இருந்தார். சித்திரை வெயில் போய், ஆடிக் கூழ் ஊற்றி, தெருவில் பட்டாசும் வெடித்தது. ஆக்சிஜன் இயந்திரம் கூடத்தின் மூலையில் கடகடத்துக்கொண்டே இருந்தது. அமர்த்திய நர்ஸ்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சியை ஸ்பூனில் ஊட்டுவது எல்லாம் சம்பந்தியின் கையில் வந்து சேர்ந்தன. நான் தாம்பரத்திலிருந்து பேருந்து ஏறி அடிக்கடி போவேன். போகும்போதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பார். உரத்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வாடகைக்காரர் யாராவது வந்தால், "அப்றம் வா" என்று கையை மட்டும் ஆட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும்.

ஒரு நாள் மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சம்பந்தி என்னைக் கொல்லைப் பக்கம் மோட்டார் அறைக்கு அருகில் அழைத்துப் போனார்.

"டாக்டரு வந்தா ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. நீங்கதான் கேக்கணும்."

"கேட்கிறேன். என்ன?"

அவர் குழாயைத் திறந்து மூடினார். "அன்னிக்கி ஆஸ்பத்திரியில கேட்டேனே, அதேதான். எவ்ளோ நாள்னு. ஆனா இங்கிலீஷ்ல கேளுங்க. எனக்குத் தமிழ்ல வாய் வரல."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதையாக இருக்காது. முன்பு அதே கேள்வியைக் கொஞ்சம் நேரம் கிடைக்காதா என்று கேட்டவர் இப்போது எதற்காகக் கேட்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதில் பாவம் எதையும் நான் காணவில்லை, இன்றும் காணவில்லை. உடம்பு களைத்தால் அன்பும் கூடவே களைக்கும். அதைச் சொல்லத்தான் நம்மிடம் நாகரிகமான சொல் இல்லை.

மருத்துவர் வந்து, நாடி பார்த்து, இயந்திரத்தைப் பார்த்து, எழுந்தார். கட்டிலருகில் நின்றே கேட்டேன். 'டெத்' என்ற சொல் வராமல், 'ப்ரொலாங்டு' என்ற சொல்லை நடுவில் வைத்து, என் ஆயுளில் அமைத்த வாக்கியங்களிலேயே மிகக் கவனமாக ஒன்றை அமைத்தேன். மருத்துவரும் அதே கவனத்தோடு, "இன்டெஃபினிட்லி, சார்" என்றார். முடிவில்லை என்பதல்ல அதன் பொருள். முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேள்வித்தாளில் பெரியது. அந்தக் கூடத்தில் அதற்கு இடமில்லை.

மருத்துவர் போனதும் சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னாய்யா, நான் எப்ப போவேன்னு கேட்டியா?"

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "இல்ல... மருந்து மாத்தணுமான்னு..."

"சம்பந்தி இங்கிலீஷ்ல கேட்டா எனக்குப் புரியாதுன்னு நெனச்சிகினியா? உன் மூஞ்சி தமிழ்லதான கீது." மூச்சு வாங்க நிறுத்தினார். கோபம் இல்லை அந்தக் குரலில். "நீ தூங்கி எத்தினி நாளாச்சு? கண்ணு ரெண்டும் பொந்துல பூந்துக்கிச்சு. போ, உள்ள போய்ப் படு."

"உன்ன யாரு பாத்துக்கறது?"

"சம்பந்தி கீறாரு இல்ல? கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆயிடமாட்டேன். போய்யா, பேஜார் பண்ணாத."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். உள்ளறைக்குப் போனார். அங்கே கட்டில் கிரீச்சிட்டது. சற்றைக்கெல்லாம் குறட்டை கேட்டது.

சம்பந்தியம்மாள் அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் இருந்து, அந்தக் கூடத்திலேயே போனார். வாசலில் பந்தல் போட்டாலும் பெஞ்சு போட வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி இப்போது மகள் வீட்டில், குளிர் நாட்டில் இருக்கிறார். போனில் அதிகம் பேசுவதில்லை. என்னாலும் பேருந்து ஏற முடிவதில்லை. அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது சம்பந்தி உள்ளே தூங்கிய அந்தப் பிற்பகல்தான்.

ஏதாவது பேச வேண்டும் என்று, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா, சம்பந்தி. எழுந்துக்கப் போறாரு."

வெயில் சன்னல் கம்பியைத் தாண்டிச் சுவரில் ஏறியது. இருமல் வந்தபோதெல்லாம் அவர் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து, கண்ணில் நீர் முட்ட, சத்தம் வெளியே வராமல் அடக்கிக்கொண்டே இருந்தார்.