கதவைத் திறக்கச் சொல்லும் பாகம்

பினாங்கில் சீனர் காப்பிக் கடையில் எல்லோருக்கும் ஒரே பீங்கான் கோப்பைதான். ஒருவர் குடித்து வைத்ததை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கப்பலை விட்டு இறங்கிய முதல் வாரம், எனக்கு முன்னால் இதில் குடித்தவர் யாராக இருக்கும் என்று யோசித்தபடியே நின்றேன், காப்பி ஆறிவிட்டது. ஈ விழுந்துவிட்டதாக்கும் என்று எண்ணிக் கடைக்காரர் அதை வாங்கிக் கொட்டிவிட்டு, அதே கோப்பையில் வேறு காப்பி ஊற்றித் தந்தார். இரண்டாவது வாரம் குடிக்கப் பழகிவிட்டேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றலாம். அவசரப்பட்டு அப்படி நினைத்துவிட வேண்டாம். நம்மவர்கள் இங்கே காப்பிக் கடையிலும் டிராமிலும் படகிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். தங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டிவிட்டால் மட்டும் மறுபடி நாகப்பட்டினத்தில் கால் வைத்தவர்களாகிவிடுவார்கள்.

இதை எனக்கு விளக்கியது எங்கள் நாடக வாசிப்புச் சபை. நான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கிராணி. இங்கே குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். எங்கள் சபைத் தலைவர் சிதம்பரநாதர் ஒரு வக்கீலிடம் பெரிய கிராணி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அவருடைய வாடகை வீட்டில், ஞாயிறு காலைகளில் எட்டுப் பேர் கூடி, சமூகத்தைத் திருத்த எழுதப்பட்ட பழைய நாடகங்களை உரக்க வாசிப்போம். நடிப்பதென்றால் உடுப்பு வேண்டும், திரை வேண்டும். வாசிக்க இரண்டு பெஞ்சு போதும். விதவை மறுமணத்தைப் பற்றிய நாடகத்தில் பதினாறு வயது விதவையின் பாகத்தைப் பள்ளி ஆசிரியர் ஆரோக்கியசாமி தம்முடைய பெரிய மீசையோடு வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மதுவிலக்கு நாடகம் முடிந்த அன்று, அதன் கருத்தைப் பற்றி மேலும் விவாதிக்க இரண்டு உறுப்பினர்கள் கள்ளுக்கடைக்குப் போனார்கள். அவ்வளவு ஈடுபாடு எங்களுக்கு.

அடுத்து எடுத்த நாடகத்துக்கு அட்டையும் இல்லை, பெயரும் இல்லை, கரையான் தின்றிருந்தது. கதை இதுதான். ஊரை வெள்ளம் சூழ்கிறது. மேடான இடம் கோயில் ஒன்றுதான். ஊரார் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். சேரியைச் சேர்ந்த ஒருவன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நின்று, கதவைத் திறக்கச் சொல்லி மூன்று அங்கங்கள் மன்றாடுகிறான். கோயில் தர்மகர்த்தாவின் பாகத்துக்கு எங்களில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். வீடு அவருடையது என்பதால் தலைவருக்கே கிடைத்தது. வெளியே நிற்பவனின் பாகத்துக்கு ஆள் இல்லை. ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொருவருக்கு அடுத்த வாரம் தொண்டை கட்டும்போல இருந்தது.

மாடசாமியை அழைத்துவந்தவன் நான். கிடங்கில் மூட்டைகளின் மேல் எழுதியிருப்பதை உரக்க வாசித்துச் சொல்வது அவர் வேலை. மிஷன் பள்ளியில் படித்தவர். அரிசி மூட்டையின் அடையாள எண்ணை அவர் வாசித்தால்கூடச் சற்று நின்று கேட்கத் தோன்றும். தலைவர் அவரை வாசலில் வைத்தே விசாரித்தார். எந்த ஊர் என்றார், மாடசாமி சொன்னார். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அதையும் மாடசாமி மறைக்காமல் சொன்னார். தலைவர் கொஞ்ச நேரம் நாடகத்தைப் பற்றிச் சிந்தித்தார்.

"தம்பி," என்றார் என்னிடம், "கதையிலயும் அவன் வெளியிலதானே நிக்கிறான். இவர் அஞ்சடியில நின்னு ஜன்னல் வழியா வாசிக்கட்டும். பொருத்தமா இருக்கும்."

அஞ்சடி என்பது இங்கே வீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட பொது நடைபாதை. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். ஜன்னல் வழியாகப் புத்தகம் போய்வருவது சிரமம் என்பதால், மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் மாடசாமிக்காகக் கையால் எழுதிக்கூடக் கொடுத்தேன். எழுதும்போதெல்லாம் என்னை ஒரு நல்ல மனிதன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு மழை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டதால் தலைவர் அதைத் தாழிட்டார். வெளியே சாரலில் நனைந்தபடி, "ஐயா, தண்ணி இடுப்புக்கு வந்துட்டுது, கதவைத் திறங்க" என்று மாடசாமி வாசித்தபோது உள்ளே எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. தலைவர் தேம்பினார். "எவ்வளவு கொடுமை பாத்தீங்களா" என்றார் எங்களைப் பார்த்து. காற்றில் தாழ் ஆடியது. எழுந்து போய் அதைச் சரியாகப் போட்டுவிட்டு வந்து மீண்டும் தேம்பினார்.

பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மாள் செருப்புக் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை ஆ சோ, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம். அவரோ அறுபது வயதுத் தலைவர் உட்பட எங்கள் எல்லோரையும் தம்பி என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு மனிதன் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கதறுவது மட்டும் தெரிந்தது. முதல் வாரம் மாடசாமிக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டாவது வாரம் தேநீர் கொடுத்தார். மூன்றாவது வாரம் போலீஸ்காரரைக் கூட்டிவந்துவிட்டார்.

வந்தவர் மலாய்க்காரர். எனக்கு மலாய் தெரியும் என்று தலைவர் என்னை வெளியே அனுப்பினார்.

"இவர் யார்?"

"நண்பர், துவான்." துவான் என்றால் ஐயா.

"உள்ளே இருப்பவர்கள்?"

"அவர்களும் நண்பர்கள். நாங்கள் புத்தகம் வாசிக்கிறோம்."

"நண்பரை ஏன் உள்ளே விடவில்லை?"

"புத்தகத்தில் அப்படி இருக்கிறது."

"புத்தகத்தில் ஏன் விடவில்லை?"

என் மலாய் மூட்டை எண்ணக் கற்றுக்கொண்ட மலாய். இருபதாயிரம் வரை எண்ணுவேன். இதற்கு அதில் வார்த்தை இல்லை. கடைசியில், "டியா ஜாலான் லாயின்" என்றேன். இவர் வேறு தெரு என்று பொருள்.

போலீஸ்காரர் கதவைப் பார்த்தார். "நானும் வேறு தெருதான். கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாம். நான் உள்ளே போகலாமா?"

ஜன்னலில் காதை வைத்திருந்த தலைவருக்கு அந்த அளவு மலாய் புரிந்தது, உடனே தாழை நீக்கினார். போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தலைவர் தம்முடைய வெள்ளி டம்ளரில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, அவர் வெளியே நின்ற மாடசாமியைப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார்.

"மாடசாமி," என்றார் தலைவர், "உள்ள வாங்க."

எனக்குத் தெரிந்து அவர் மாடசாமியை 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. மாடசாமி கையிலிருந்த தாள்களை அடுக்கி மடித்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா. மாத்தா சொல்லி உள்ள வர்றது இந்த நாடகத்துல இல்லையே," என்றார். மாத்தா என்றால் இங்கே போலீஸ். "கடைசிக் காட்சி இன்னும் பாக்கி இருக்கு. நான் வேற எடத்துல வாசிச்சுக்கிறேன்."

ஆ சோ அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கடைக்குள் கூட்டிப்போனார். மாடசாமி தலைவருடைய சொந்தத் தம்பி என்றும், சொத்துத் தகராறில் அண்ணன் அவரை விரட்டிவிட்டார் என்றும் ஆ சோ முடிவு செய்திருந்தார். பிறகு எனக்குத் தெரிந்த மலாயில் எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தேன். அவர் சொன்ன காரணத்தைவிட நான் சொன்ன காரணம்தான் அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

அடுத்த ஞாயிறு செருப்புக் கடையில் வாசிப்பு நடந்தது. மாடசாமி குடியிருந்த கூலி லைனிலிருந்து ஒன்பது பேர், ஆ சோவின் குடும்பம், ஆரோக்கியசாமி, நான். தோல் வாடைக்கு நடுவே, செருப்புத் தைக்கும் மரக்கால் அச்சுகளைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தோம். நானும் ஆசிரியரும் வந்தது துணிச்சலால் அல்ல. கடைசிக் காட்சியை மாடசாமியின் குரலில் கேட்டாக வேண்டும். ஆள் போதாததால் மாடசாமியே பல பாகங்களையும் வாசித்துக்கொண்டு போனார். தர்மகர்த்தா பேச வேண்டிய இடம் வந்தது. மாடசாமி வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அந்த வரியை வாசித்தது. தலைவர். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார். தமது பாகத்தை இன்னொருவர் வாசிக்க விட மனமில்லை.

ஆ சோ சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனும் தம்பியும் என்பதுபோலச் சுவரையும் மாடசாமியையும் எனக்கு மாறி மாறிச் சுட்டிக் காட்டினார். மாடசாமி அதன் பிறகு தம்முடைய வரிகளை மட்டும் வாசித்துவிட்டுக் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் சுவர் பதில் சொன்னது. கடைசியில் தர்மகர்த்தா மனம் மாறுகிறார். "இதோ திறந்துவிட்டேன், உள்ளே வா" என்று தலைவர் விம்மலோடு வாசித்தது இங்கே தெளிவாகக் கேட்டது.

அதற்கு அடுத்த வரி கோயிலுக்குள் இருக்கும் ஊராருடையது. "வந்தவருக்கு இடம் விடுங்கள்" என்பது அந்த வரி. ஊரார் பாகம் என்னுடையது. மாடசாமியிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அதை மாடசாமியைப் பார்த்து வாசிப்பதா, சுவரைப் பார்த்து வாசிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.